மறக்க மறுத்த நாளேடு

நாளேட்டின் ஆயுள் ஒரு நாள் என்பர். காலையில் தேநீரோடு ஆவலாய்ப் படிக்கப்படும் தாள், மறுநாள் கடைக்காரரின் கைக்குப் போய், வெற்றிலையும் வெங்காயமும் கட்டும் பொட்டலமாகிவிடுகிறது. இரவெல்லாம் கண்விழித்த செய்தியாளரின் உழைப்பும் அச்சுக்கோத்தவரின் உழைப்பும் அத்துடன் முடிந்தன என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அச்சேறிய எழுத்துக்கு மற்றோர் ஆயுளும் உண்டு. தென்னமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள கொலம்பிய நாட்டில், ஏழாண்டுகளுக்கு முன் அச்சாகி எல்லாராலும் மறக்கப்பட்டிருந்த ஒரு செய்தி, அந்நாட்டையே விலைக்கு வாங்க முற்பட்ட ஒருவனின் அரசியல் வாழ்வை முடித்துவைத்தது. அதனைத் தேடியெடுத்து மீண்டும் அச்சிட்ட ஆசிரியரின் உயிரையும் அதுவே வாங்கியது.

அந்த நாளேட்டின் பெயர் 'எல் எஸ்பெக்தாதோர்'. 'பார்வையாளன்' என்பது அச்சொல்லின் பொருள். பார்ப்பவன் வாய் திறவாதிருக்கும்வரை அவனால் எவருக்கும் தொல்லை இல்லை. கண்டதைச் சொல்லவும், சொன்னதை நினைவில் வைக்கவும் அவன் தொடங்கும்போதுதான் வன்முறை அவனைத் தேடி வருகிறது. வன்முறையால் அலைக்கழிக்கப்பட்ட ஒரு நாட்டில் செய்தித்தாள் ஏன் வேட்டையாடப்படுகிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு, இந்த ஒரு நாளேட்டின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

கட்சிப் பகையும் எரிந்த அச்சகங்களும்

'எல் எஸ்பெக்தாதோர்' 1887ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் மெடலின் நகரில் ஃபிடெல் கானோ என்பவரால் தொடங்கப்பெற்றது. அக்காலக் கொலம்பிய அரசியல், தாராளக் கட்சி, பழமைக் கட்சி என்னும் இரு பெருங்கட்சிகளின் போர்க்களமாக இருந்தது. ஃபிடெல் கானோ தாராளக் கட்சியைச் சார்ந்தவர். பழமைக் கட்சியின் ஆட்சி அவருடைய ஏட்டைப் பலமுறை தடைசெய்தது; அவரைச் சிறையிலும் இட்டது. மெடலின் மறைமாவட்ட ஆயர், அவ்வேட்டைப் படிப்பதே பெரும்பாவம் என 1888இல் அறிவித்தார். ஆயினும் தடை நீங்கிய போதெல்லாம் ஏடு மீண்டும் தலைதூக்கியது. 1915ஆம் ஆண்டு முதல் தலைநகராகிய பொகோத்தாவிலும் அது வெளிவரத் தொடங்கியது.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், தாராளக் கட்சியின் மக்கள் தலைவர் ஜோர்ஜ் எலியெசெர் காய்த்தான் பொகோத்தாவின் நடுத்தெருவில் நண்பகலில் சுட்டுக்கொல்லப்பட்டார். சினங்கொண்ட மக்கள் தலைநகரைத் தீக்கிரையாக்கினர். பழமைக் கட்சியின் நாளேடான 'எல் சிக்லோ'வின் கட்டடமும் அன்று எரிந்தது. அதன் பின்னர் நாட்டுப்புறமெங்கும் பரவிய கொலைவெறி ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்து, சுமார் 2 இலட்சம் உயிர்களைக் குடித்தது. கொலம்பியர் அக்காலத்துக்கு வேறு பெயர் தேடவில்லை; 'வன்முறை' என்றே அதனை அழைக்கின்றனர்.

1952ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தீ மறுபக்கம் திரும்பியது. பழமைக் கட்சியின் ஆட்சி நடைபெற்ற அவ்வேளையில், கூட்டமொன்று தாராளக் கட்சி சார்ந்த 'எல் தியெம்போ', 'எல் எஸ்பெக்தாதோர்' ஆகிய இரு நாளேடுகளின் அலுவலகங்களையும் அக்கட்சித் தலைவர்களின் இல்லங்களையும் கொளுத்தியது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. அந்நாளைய ஏடுகள் வெறும் பலியாடுகளாக மட்டும் இருக்கவில்லை. இரு தரப்பு ஏடுகளும் கட்சியின் முரசுகளாகவே இயங்கின. எதிர்க்கட்சியினரைப் பகைவராகக் காட்டிய தலையங்கங்களுக்கும், சிற்றூர்களில் ஓங்கிய அரிவாள்களுக்கும் தொடர்பே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. பகையை வளர்த்த எழுத்து, பகைக்கே இரையாயிற்று. கட்சியின் குரலாக இருந்த ஏடு நாட்டின் நினைவாக மாறுவதற்கு இன்னும் சில காலமும் ஒரு மனிதரும் தேவைப்பட்டனர்.

அம்மனிதர், நிறுவனர் ஃபிடெல் கானோவின் பேரர் கியெர்மோ கானோ. 1925ஆம் ஆண்டு பிறந்த அவர், அலுவலகம் எரிந்த அதே 1952ஆம் ஆண்டில், தம் 27ஆம் வயதில் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

மாலுமி சொன்ன கதை

1953ஆம் ஆண்டு சூன் திங்களில் படைத்தலைவர் ரோகாஸ் பினியா ஆட்சியைக் கைப்பற்றினார். கட்சிச் சண்டைக்கு முடிவு கட்ட வந்தவர் என மக்கள் முதலில் அவரை வரவேற்றனர். விரைவிலேயே தணிக்கை வந்தது.

1955ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் 'கால்தாஸ்' என்னும் கொலம்பியப் போர்க்கப்பலிலிருந்து மாலுமிகள் எண்மர் கடலில் வீழ்ந்தனர். லூயிஸ் அலெகாந்திரோ வெலாஸ்கோ என்ற ஒருவர் மட்டும் பத்து நாள் மிதவையில் தவித்து உயிருடன் கரை சேர்ந்தார். அரசு அவரைத் தேசிய வீரராகக் கொண்டாடியது. புயலில் சிக்கியதால் நேர்ந்த விபத்து என்பது அரசின் விளக்கம். வெலாஸ்கோ தம் கதையைக் கூற 'எல் எஸ்பெக்தாதோர்' அலுவலகத்துக்கு வந்தபோது, அதனைக் கேட்டு எழுதும் பணி ஓர் இளஞ்செய்தியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெயர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ். 1982இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர் அவரே.

பொறுமையாய்க் கேட்கக் கேட்க, மாலுமியின் வாயிலிருந்து வேறோர் உண்மை வெளிவந்தது. அன்று புயலே இல்லை. கப்பலின் மேல்தளத்தில் குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்ற கடத்தற் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்தன. பெருங்காற்றில் கப்பல் சாய்ந்தபோது அச்சரக்கோடு மாலுமிகளும் கடலில் சரிந்தனர். பதினான்கு பகுதிகளாக வெளிவந்த தொடரில் இவ்வுண்மை அச்சேறியது. அரசு மறுத்தது. அப்போது நாளேடு என்ன செய்தது? பயணத்தின்போது மாலுமிகள் எடுத்திருந்த நிழற்படங்களைத் தேடிப் பெற்று வெளியிட்டது. படங்களில் மாலுமிகளின் பின்னால் கடத்தற் பெட்டிகள் தெளிவாகத் தெரிந்தன.

இவ்வெற்றிக்கு உரிய விலையை ஏடு செலுத்த வேண்டியதாயிற்று. வெலாஸ்கோ கடற்படையை விட்டு விலக நேர்ந்தது. மார்க்கேஸ் அயல்நாட்டுச் செய்தியாளராக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அபராதத்தாலும் தணிக்கையாலும் நெருக்கப்பட்ட நாளேடு 1956ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவருவதை நிறுத்திக்கொண்டது. பாரிசு நகரில் தங்கியிருந்த மார்க்கேஸ் ஊதியமின்றித் தவித்தார். ஏட்டைச் சார்ந்தோர் 'எல் இந்திப்பெந்தியெந்தே' என்னும் வேறு பெயரில் சில காலம் இதழ் நடத்தினர். 1957இல் ரோகாஸ் பினியா வீழ்ந்தார். 1958இல் பழைய பெயரே மீண்டும் முகப்பில் ஏறியது.

அரசு ஒன்றைச் சொல்லும்போது சான்றைத் தேடிப் பார்ப்பது, மறுப்பு வந்தால் படத்தைக் காட்டுவது என்னும் பழக்கம் அந்த ஆண்டுகளில்தான் ஆழ வேரூன்றியது. பிற்காலத்தில் நாளேட்டைக் காத்ததும் அதன்மேல் சாவை வருவித்ததும் இப்பழக்கமே.

பணம் விடுத்த எச்சரிக்கை

துப்பாக்கி மட்டுமே செய்தித்தாளை அச்சுறுத்தும் கருவி என எண்ணுதல் பிழையாகும். 1980களின் தொடக்கத்தில் நாட்டின் மிகப் பெரிய நிதிக் குழுமமான 'கிரான்கொலம்பியானோ', சிறு முதலீட்டாளரின் பணத்தைத் தன் சொந்த நிறுவனங்களின் நலனுக்கே சுழற்றி வந்ததை 'எல் எஸ்பெக்தாதோர்' வெளிப்படுத்தியது. உடனே அக்குழுமத்தின் நிறுவனங்கள் யாவும் தம் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டன. விளம்பர வருவாயே உயிர்மூச்சாகிய தொழிலில் இது கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும். ஏடு பணியவில்லை. பின்னர் அரசு தலையிட்டது. குழுமத்தின் தலைவர் நாட்டை விட்டே வெளியேறினார்.

இடித்துரைப்போர் இல்லாத ஆட்சி தானாகவே கெடும் என்பது திருக்குறள் கற்றோர்க்குப் புதிய செய்தி அன்று. ஆயினும், இடித்துரைப்போருக்குச் சோறு போடும் கையே அவர் வாயை மூடவும் வல்லது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்தியது. அடுத்து வந்த சோதனையோ விளம்பரத்தோடு நிற்கவில்லை.

ஏழாண்டுப் பழைய செய்தி

1970களில் கொலம்பியாவில் கொக்கேய்ன் வணிகம் பெருகியது. அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சந்தையில் குவிந்த பணம் மெடலின் நகரத்துக்குத் திரும்பி, காவலரையும் நீதிபதிகளையும் அரசியல்வாதிகளையும் வாங்கியது. இதில் முன்னின்ற பப்லோ எஸ்கோபார், ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்தான். சேரிகளில் காற்பந்துத் திடல்களுக்கு விளக்குப் போட்டான். 'வள்ளல்' எனப் புகழ்ந்து எழுதவும் ஏடுகள் இருந்தன. 1982ஆம் ஆண்டுத் தேர்தலில் கீழவையின் மாற்று உறுப்பினனாக அவன் நாடாளுமன்றத்துள் நுழைந்தான்.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நீதி அமைச்சர் ரோத்ரிகோ லாரா போனியா, அரசியலில் புகுந்துவிட்ட கள்ளப் பணத்தைக் கண்டித்தார். எஸ்கோபாரின் தரப்பார் அவர்மீதே பழியைத் திருப்பினர்; போதைப்பொருள் வணிகன் ஒருவனின் காசோலையை அமைச்சர் பெற்றார் எனக் குற்றஞ்சாட்டினர். தன் குற்றத்துக்குச் சான்று எங்கே என்று எஸ்கோபார் அறைகூவினான். சான்று கேட்பது நியாயம்தானே என்று பலரும் கருதினர். அமைச்சரின் பதவியே ஆடிப்போயிற்று.

அவ்வேளையில் கியெர்மோ கானோவுக்கு ஒரு நினைவு எழுந்தது. இம்முகத்தை எங்கோ முன்பு பார்த்திருக்கிறோமே! அலுவலகத்தின் பழைய ஏடுகள் புரட்டப்பட்டன. 1976ஆம் ஆண்டு சூன் திங்கள் இதழில் அச்செய்தி கிடைத்தது. வண்டியின் மாற்றுச் சக்கரத்தில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட 39 இராத்தல் கொக்கேய்ன் பிடிபட்டதும், அதன் தொடர்பில் கைதானவர்களுள் பப்லோ எஸ்கோபார் ஒருவன் என்பதும் அதில் இருந்தன. அவ்வழக்கு நீதிமன்றம் விட்டு நீதிமன்றம் மாறி ஒன்றுமில்லாமற்போயிருந்தது. அவனைக் கைது செய்த துப்பறிவாளர் இருவர் பின்னர்க் கொலையுண்டனர். நீதிமன்றம் மறந்ததை, அல்லது மறக்கச் செய்யப்பட்டதை, நாளேட்டின் பழங்கட்டுகள் மறவாது வைத்திருந்தன.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் அச்செய்தி 'எல் எஸ்பெக்தாதோர்' இதழில் மீண்டும் வெளிவந்தது. மெடலின் நகரில் அன்றைய இதழ்களை எஸ்கோபாரின் ஆட்கள் மொத்தமாக வாங்கிக் குவித்தனர் என்று கூறுவர். வாங்கி மறைத்தும் பயனில்லை. நாடாளுமன்றம் அவனுடைய உறுப்பினர் பாதுகாப்பை நீக்கியது. 1984ஆம் ஆண்டுச் சனவரியில் அரசியலிலிருந்து விலகுவதாக அவன் அறிவித்தான். மூன்று திங்கள் கழித்து, ஏப்ரல் 30ஆம் நாள், அமைச்சர் லாரா போனியா பொகோத்தாவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

தலையங்கங்கள் பல சேர்ந்தும் செய்ய இயலாத செயலை ஒரு பழைய செய்தி எவ்வாறு செய்தது? தலையங்கத்துக்கு மறுதலையங்கம் எழுதலாம். குற்றச்சாட்டுக்கு எதிர்க்குற்றச்சாட்டுச் சுமத்தலாம். ஆனால் எவருக்கும் நன்மையோ தீமையோ கருதாத ஒரு நாளில், வழக்கமான காவல் செய்தியாக அச்சேறிய வரிகளை மறுப்பது எங்ஙனம்? அதனாலேயே அச்செய்தி குற்றவாளிக்குக் கொடிய எதிரியாயிற்று.

1986ஆம் ஆண்டு டிசம்பர் 17

அடுத்த மூன்றாண்டுகளும் கானோ தம் வாராந்தரப் பத்தியில் போதைப்பொருள் கும்பல்களைத் தொடர்ந்து சாடினார். குற்றவாளிகளை அமெரிக்க ஐக்கிய நாட்டு நீதிமன்றங்களிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையை ஆதரித்தார். உள்நாட்டு நீதிபதிகளை வாங்கவோ கொல்லவோ முடிந்த கும்பல்கள் அஞ்சியது அவ்வுடன்படிக்கை ஒன்றுக்கே.

1986ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் மாலை, 61 வயதான கானோ பணி முடிந்து தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். காரில் கிறிஸ்துமஸ் பரிசுகள் இருந்தன. அலுவலகத்துக்கு எதிரே சாலையில் திரும்புவதற்காக வேகம் தணிந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்தோர் அவரைச் சுட்டுவிட்டு மறைந்தனர்.

கொலம்பியச் செய்தியாளர்கள் காட்டிய துயரம் உலகம் அதுவரை கண்டிராத வடிவில் அமைந்தது. ஒரு நாள் முழுவதும் நாட்டில் நாளேடுகள் வெளிவரவில்லை, வானொலி செய்தி சொல்லவில்லை, தொலைக்காட்சியும் அடங்கியது. கொலைஞர் விரும்பிய நாடு எத்தகையது என்பதை அந்த ஒரு நாளில் மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

அதன் பின்னர் சில ஏடுகள் ஒரு புதிய வழியைக் கையாண்டன. போதைப்பொருள் வணிகம் பற்றிய ஆய்வுச் செய்திகளைக் கூட்டாகத் திரட்டி, ஒரே நேரத்தில் வெவ்வேறு ஏடுகளில் வெளியிட்டன. ஒரு செய்தியாளரைக் கொன்றால் செய்தி நின்றுவிடும் என்னும் கணக்கை உடைப்பதே இதன் நோக்கம். தொழிலில் போட்டியாளர்களாய் இருந்தோர் ஆபத்தில் தோழராயினர்.

நீதியின் வழியோ மிகக் கரடுமுரடாயிருந்தது. கானோ கொலை வழக்கை விசாரித்த நீதிபதி ஒருவர் அச்சுறுத்தலால் நாட்டை விட்டு வெளியேறினார். குடும்பத்தின் சார்பில் வாதாடிய வழக்கறிஞர் 1989ஆம் ஆண்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். எஸ்கோபாரை விசாரணைக்கு உட்படுத்திய ஆணையை உறுதிசெய்த நீதிபதி அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்லப்பட்டார். எழுதியவரை மட்டுமன்றி, எழுதியவருக்காகப் பேசியவரையும் துப்பாக்கி தொடர்ந்தது.

வெடிகுண்டும் மறுநாள் இதழும்

1989ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவார் எனப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட லூயிஸ் கார்லோஸ் கலான் தேர்தல் கூட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் ஒருகால் செய்தியாளராய் இருந்தவரே. அரசு கடும் நடவடிக்கையில் இறங்கியது. கும்பல்கள் அரசின்மேலும் நீதித்துறையின்மேலும் செய்தியாளர்மேலும் முழுப்போர் அறிவித்தன.

செப்டம்பர் 2ஆம் நாள் காலையில் 'எல் எஸ்பெக்தாதோர்' அலுவலகத்தின் எதிரே நிறுத்தப்பட்டிருந்த சரக்கு வண்டி வெடித்தது. 100 கிலோவுக்கும் மேற்பட்ட வெடிமருந்து அதில் இருந்தது. கூரைகள் பெயர்ந்தன, சுவர்கள் சரிந்தன, பலர் காயமுற்றனர். தந்தையின் கொலைக்குப் பின் ஏட்டை நடத்திவந்த கானோவின் புதல்வர்களும் ஊழியர்களும் இடிபாடுகளுக்கிடையே நின்று ஒரே ஒரு முடிவை எடுத்தனர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இதழ் வெளிவந்தது. பக்கங்கள் குறைந்திருந்தன. 'தொடர்ந்து முன்னே செல்கிறோம்' என்னும் பொருளுடைய தலைப்பு முகப்பில் இருந்தது.

அடுத்த திங்கள் புக்காரமங்கா நகரின் 'வான்குவார்தியா லிபெரால்' நாளேட்டின் கட்டடம் குண்டுக்கு இரையாயிற்று. ஊழியர் நால்வர் மாண்டனர். அதே அக்டோபரில் மெடலின் நகரில் 'எல் எஸ்பெக்தாதோர்' அலுவல்களைக் கவனித்துவந்த இருவர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். அந்நகர அலுவலகம் மூடப்பட்டது. ஓர் ஏடு தான் பிறந்த ஊரிலேயே வெளிப்படையாய் விற்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டது.

குண்டுக்கு அஞ்சாதோரைப் பணியவைக்கக் கும்பல்கள் கடத்தலைக் கையாண்டன. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், கொரில்லாப் படைத்தலைவர் ஒருவரைப் பேட்டி காணலாம் என்ற பொய்யழைப்பை நம்பிச் சென்ற தொலைக்காட்சிச் செய்தி இயக்குநர் தியானா துர்பாய் தம் குழுவினருடன் சிறைப்பட்டார். அவர் முன்னாள் குடியரசுத் தலைவரின் மகள். 'எல் தியெம்போ' நாளேட்டின் பிரான்சிஸ்கோ சாந்தோசும் அடுத்த திங்கள் கடத்தப்பட்டார். 1991ஆம் ஆண்டுச் சனவரி 25ஆம் நாள் நடந்த மீட்பு முயற்சியில் குண்டடிபட்டுத் தியானா உயிர்துறந்தார். சாந்தோஸ் மே திங்களில் விடுதலை பெற்றார். இக்கடத்தல்களின் வரலாற்றையே மார்க்கேஸ் 1996இல் நூலாக எழுதினார்.

வன்முறை தோற்றது என்று எளிதில் முடித்துவிட இயலாது. 1991ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்புச் சட்டம், குடிமக்களை அயல்நாட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதைத் தடைசெய்தது. அத்தடை உறுதியானதும் எஸ்கோபார் சரணடைந்தான். கும்பல்கள் கேட்டது கிடைத்தது. அத்தடை 1997இல்தான் நீக்கப்பட்டது. ஆனால் அதே அரசியலமைப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கருத்துரிமையையும், 73ஆம் பிரிவு செய்தியாளர் பணிக்கான பாதுகாப்பையும் உறுதிப்படுத்தின. அஞ்சி வளைந்த சட்டமும் நிமிர்ந்து நின்ற சட்டமும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டன. எஸ்கோபார் பின்னர்ச் சிறையினின்று தப்பி, 1993ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மெடலின் நகரில் காவற்படையால் சுட்டு வீழ்த்தப்பட்டான்.

தலைநகருக்கு வெளியே

எஸ்கோபார் மாண்டதும் செய்தியாளரின் துன்பம் நீங்கிவிடவில்லை. இடதுசாரிக் கொரில்லாக்கள், சட்டத்துக்குப் புறம்பான வலதுசாரி ஆயுதக் குழுக்கள், ஊழலில் ஊறிய உள்ளூர் அரசியல்வாதிகள் எனக் கொல்வோர் பலராயினர். 1977 முதல் 2015 வரை கொலையுண்ட செய்தியாளரின் எண்ணிக்கை 150க்கும் மேற்பட்டதென அந்நாட்டின் வரலாற்று நினைவு மையம் கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் உலகம் பெயரறியாதவர். சிற்றூர் வானொலி நிலையங்களிலும் மாவட்ட ஏடுகளிலும் பணியாற்றியவர். தலைநகரத்து ஆசிரியர் மாண்டால் நாடே மௌனம் காத்தது. மலையோரச் சிற்றூரில் ஓர் அறிவிப்பாளர் மாண்டால் அவ்வூர் மட்டுமே மௌனமாயிற்று. அம்மௌனம் ஒரு நாளில் முடியவும் இல்லை. தாம் அறிந்ததைச் சொல்லாமல், படைமுகாம் அனுப்பிய அறிக்கையை மட்டும் படித்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் பல ஊர்களில் நிலைத்தது. கொலைகள் குறைந்த ஆண்டுகளை அமைதியான ஆண்டுகள் எனக் கொள்ளலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

காக்க வேண்டிய அரசின் கையும் சில இடங்களில் கறைபட்டிருந்தது. அரசியல்வாதிகளை நகைச்சுவையால் தோலுரித்த தொலைக்காட்சிச் செய்தியாளர் ஹைமே கார்சோன் 1999ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக வலதுசாரிக் குழுவின் தலைவன் மட்டுமன்றி, அரசின் உளவுத்துறைத் துணை இயக்குநராய் இருந்த ஒருவரும் தண்டனை பெற்றார். 1976இல் எஸ்கோபாரைக் கைது செய்த துறையும் அதுவே என்பது வரலாற்றின் விந்தை. செய்தியாளரையும் நீதிபதிகளையும் அத்துறை கள்ளத்தனமாக ஒட்டுக்கேட்டதை 2009இல் 'செமானா' வார இதழ் வெளிப்படுத்தியது. 2011இல் அத்துறையே கலைக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், 'எல் எஸ்பெக்தாதோர்' செய்தியாளர் ஹினெத் பெதோயா, ஆயுதக் குழுவினன் ஒருவனைப் பேட்டி காணப் பொகோத்தாவின் சிறைச்சாலைக்குச் சென்றார். சிறை வாயிலிலேயே அவர் கடத்தப்பட்டு, சித்திரவதைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் உள்ளாக்கப்பட்டார். மீண்டு வந்த அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 2009இல் தமக்கு நேர்ந்ததைத் தாமே வெளிப்படையாய் எடுத்துரைத்து, 'வாய்மூடி இருக்கும் வேளை இதுவன்று' என்னும் பொருளுடைய இயக்கத்தைத் தொடங்கினார். 2021இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம், கொலம்பிய அரசே இக்கொடுமைக்குப் பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது.

நம்பிக்கைக்கும் இடமில்லாமல் இல்லை. மானிசாலெஸ் நகரின் 'லா பாத்ரியா' நாளேட்டின் துணையாசிரியர் ஒர்லாந்தோ சியெர்ரா, உள்ளூர் அரசியல்வாதிகளின் ஊழலை எழுதியதற்காக 2002ஆம் ஆண்டுச் சனவரியில் சுடப்பட்டார். நாட்டின் பல ஏடுகள் ஒன்று சேர்ந்து, அவர் விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடர்ந்து, கண்டதைக் கூட்டாக வெளியிட்டன. சுட்டவன் விரைவில் பிடிபட்டான். சுடச் சொன்ன அரசியல்வாதிக்கோ 13 ஆண்டுகள் கழித்து, 2015இல்தான் தண்டனை கிடைத்தது. மறவாதிருந்தமையால் கிடைத்த நீதி அது.

பெயர் சென்ற தொலைவு

1997ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், இதழியல் உரிமைக்காக உழைப்போருக்குக் கியெர்மோ கானோவின் பெயரால் உலகப் பரிசொன்றை நிறுவியது. 2009இல் அப்பரிசு, கொழும்பில் அவ்வாண்டுச் சனவரி 8ஆம் நாள் கொலையுண்ட 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. சிங்களராகிய அவர், இலங்கையில் போர் நடந்த முறையைத் துணிந்து கண்டித்தவர். தமிழ்ச் செய்தியாளர் பலரைக் காவுகொண்ட மண்ணில் அவரும் வீழ்ந்தார். 2020இல் ஹினெத் பெதோயாவும், 2021இல் பிலிப்பீன்சின் மரியா ரெசாவும் அப்பரிசைப் பெற்றனர். பொகோத்தாவின் ஒரு சாலையில் துப்பாக்கியால் அடக்க முயன்ற பெயர், கொழும்பிலும் மணிலாவிலும் ஒலித்தது.

'எல் எஸ்பெக்தாதோர்' ஏடோ நெடுங்காலம் பொருள் நெருக்கடியில் உழன்றது. 1997இல் அதன் உரிமை கானோ குடும்பத்தைவிட்டுப் பெருநிறுவனமொன்றின் கைக்குச் சென்றது. 2001இல் வார ஏடாகச் சுருங்கி, 2008இல் மீண்டும் நாளேடாயிற்று. 2016இல் அரசுக்கும் மிகப் பெரிய கொரில்லா இயக்கத்துக்கும் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. அதன் பயனாய் அமைந்த உண்மை ஆணையம், 1985 முதல் 2018 வரை நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர் என 2022இல் அறிவித்தது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், கானோவின் கொலையில் தனக்குள்ள பொறுப்பைக் கொலம்பிய அரசு ஒப்புக்கொண்டது. அவ்வொப்புதலுக்கு 37 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இத்தனை பேரழிவில் ஒரு செய்தியாளரின் உயிர் பல இலட்சத்தில் ஒன்று. ஆயினும் அவரைக் கொல்வோர் அவ்வாறு கணக்கிடுவதில்லை. மற்றவரைக் கொல்வது அவர் இடத்தையோ பொருளையோ பறிப்பதற்காக. செய்தியாளரைக் கொல்வது மற்றக் கொலைகள் எல்லாம் நினைவிலிருந்து மறைவதற்காக. நான்கரை இலட்சம் பேர் எங்கே, எப்போது, எவரால் மாண்டனர் என்று உண்மை ஆணையம் தேடப் புகுந்தபோது கைகொடுத்த சான்றுகளுள், எரிந்தும் இடிந்தும் மீண்ட அலுவலகங்களின் பழைய நாளேட்டுக் கட்டுகளும் இருந்தன. காவல்நிலையச் செய்தியை நாள்தோறும் பிழையின்றி எழுதிவைக்கும் பெயரறியாச் செய்தியாளர், அச்செய்தி எந்நாளில் எவனை வீழ்த்தும் என்பதை அறியமாட்டார். அதனை அறியாமலே உண்மையாய் எழுதுவதுதான் அவர் தொழிலின் அறம். அவ்வறத்தைக் காப்பது, அவர் எழுதியதைப் படிப்போரின் கடமையும் ஆகும்.